மூன்றாவது சிடியின் கடைசியில் வந்த வாத்து

நம் வயதுக்காரர்களிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். முப்பதைத் தாண்டியாகிவிட்டது. காதோரம் வெள்ளை முடி எட்டிப் பார்க்கிறது, உட்கார்ந்து எழுந்தால் முட்டியில் சத்தம் கேட்கிறது. பழைய கதை பேசுகிற தகுதி நமக்கும் வந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன். கல்யாண வீடியோ என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தாமரைப் பூ விரிந்து அதற்குள்ளிருந்து மாப்பிள்ளையின் தலை வரும். ஆப்பிள் இரண்டாகப் பிளந்து ஒரு பாதியில் பெண்ணும் மறு பாதியில் மாப்பிள்ளையும் சிரிப்பார்கள். பந்தியில் வாய் நிறையச் சாம்பார் சோற்றோடு இருக்கும்போது பளிச்சென்று லைட்டைப் போட்டு எடுப்பார்கள். எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு இலையையே உற்றுப் பார்ப்பார்கள். இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் கதை.

அப்படிப் பந்தியில் லைட் போட்டு எல்லாரையும் நெளிய வைத்தவர்களில் என் தாய்மாமாவும் ஒருவர். சிதம்பரம் கீழ வீதியை ஒட்டிய சந்தில், மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். எங்களுக்கு அவர் ஸ்டூடியோ மாமா. கல்யாணத்தை எப்படி இழுத்து நீட்டினாலும் இரண்டரை சிடிக்குத்தான் வரும், மூன்றாவது சிடியில் பாதி காலியாக நிற்கும். மாமாவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

"அடுத்த வூட்டுக் கிண்ணத்த காலியாவா திருப்பிக் குடுப்போம்? நாலு முறுக்காவது போட்டுத்தான குடுப்போம்?" என்பார்.

அதனால் மிச்ச இடத்தில் எதையாவது போட்டு நிரப்புவார். பிச்சாவரத்தில் படகு போவது, கோயில் கோபுரம், யாரோ குழந்தை நாட்டியம் ஆடுவது, இப்படி. கல்யாண வீட்டாருக்கு அதெல்லாம் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டதில்லை. இனாமாக வந்ததுதானே என்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாமாவிடம் ஒரு சிடி இருந்தது. சென்னைக்கு ஒயர் வாங்கப் போனபோது நடைபாதையில் வாங்கி வந்தது. அதில் வெள்ளைக்காரர்களின் பழைய ஊமைப் படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் சின்னச் சின்னக் காமெடி. ஒன்றுக்கும் பெயர் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு படத்திலும் முதல் அரை நிமிஷம் சிடி சிக்கிச் சிக்கித்தான் ஓடும். அவற்றில் ஒன்று எனக்கும் அக்காவுக்கும் உயிர். ஒல்லியான ஒருவன், குட்டையான பேன்ட். இறகுத் தொப்பி வைத்த ஒரு சீமாட்டி கடைக்குள் போகும்போது, தன் வாத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவனிடம் தருகிறாள். அவ்வளவுதான், வாத்து நழுவி ஓடிவிடும். முடிவெட்டும் கடைக்குள் ஓடும், பாதி சவரம் செய்த ஆளின் மடியில் உட்காரும், ரொட்டிக்கடையில் மாவுத் தொட்டிக்குள் விழும். பின்னாலேயே இவன். இவன் பின்னால் போலீஸ்காரன். ஓடுகிற ஓட்டத்தில் சேற்றில் ஒரு ஷூ மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு படம் முடியும்வரை ஒற்றை ஷூவோடு ஏறி இறங்கி ஏறி இறங்கி நடப்பான்.

நடுநடுவே கறுப்புப் பலகையில் இங்கிலீஷ் எழுத்து வரும். அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? அக்காதான் எல்லாருக்கும் குரல் கொடுப்பாள். சீமாட்டிக்கு எங்கள் அம்மாவின் குரல். போலீஸ்காரனுக்கு ஸ்டூடியோ மாமாவின் குரல். வாத்துக்கு மட்டும் என் குரல்.

"யோவ், ஒரு வாத்த புடிச்சிக்க சொன்னா புடிச்சிக்க மாட்ட? நீயெல்லாம் இன்னாத்தய்யா சோறு துன்ற?" என்று சீமாட்டிக்காக அக்கா பேசினால் மாமா கம்ப்யூட்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரிப்பார். நான் பாயில் உருளுவேன். ஒவ்வொரு முறையும் வசனம் மாறும். அந்தப் படத்தை நான் சத்தமில்லாத படம் என்று நினைத்ததே இல்லை.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். நான் ஐந்தாவது, அவள் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம். அப்பா சவுதியில் இருந்தார். சுனாமி வந்துபோன அடுத்த வைகாசியில் அவருக்கு ஒரு மாத லீவு கிடைத்தது. அந்த லீவுக்குள் அக்காவின் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஒரே துடிப்பு. விட்டால் மறுபடி இரண்டு வருஷம் ஆகும். காட்டுமன்னார்கோயிலில் இருந்து பெரியப்பா ஒரு வரன் கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்குக் கடலூர் ஓல்டு டவுன், கெமிக்கல் கம்பெனியில் வேலை. கடல் பக்கம் பெண் கொடுக்கிறீர்களே என்று அந்த வருஷம் யார்தான் கேட்கவில்லை! கேட்டவர்களிடமெல்லாம், "வூடு கடல்லேருந்து ரொம்ப தூரம், நான் நடந்து பாத்துட்டேன்" என்று அம்மா சொன்னாள்.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மூணாவது வருஷம்?"

"அவுங்க ஒத்துக்கிட்டாங்கடி. கடலூர்லேருந்து பஸ்ல வந்து படிச்சிட்டுப் போ. எத்தன பேரு வரல?" என்றாள் அம்மா.

பெரியப்பாவும் தலையாட்டினார். அக்கா நம்பினாள். சீர் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தன் வெள்ளை லேப் கோட்டையும் மடித்து வைத்தாள். நீலம் போட்டு அவளே துவைத்தது. கல்யாணப் பெட்டியில் டாக்டர் சட்டை எதற்கு என்று நான் கேட்டேன். "ஆசிட் கொட்டிச்சின்னா பட்டுப்புடவ பாழாயிடும்ல" என்றாள்.

கல்யாணம் முடிந்தது. அப்பா சவுதிக்குப் போனார். அக்கா கடலூருக்குப் போனாள். மாப்பிள்ளையை நான் கடலூர் மாமா என்று கூப்பிடத் தொடங்கினேன். நல்ல மனிதர், வாய் திறந்து பேசமாட்டார். ஆனி முடிந்து ஆடி வந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வர வேண்டும். ஸ்டூடியோ மாமா ராத்திரி பகலாக உட்கார்ந்து சிடியை முடித்திருந்தார். சீர் தட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, மாமா, நான் மூவரும் பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் மாமா என் காதில், "மூணாவது சிடில ஒரு சர்ப்ரைஸ் வெச்சிருக்கேன். ஒங்க அக்கா மூஞ்சிய மட்டும் பாரு" என்றார்.

பார்த்தேன். அதுதான் இத்தனை வருஷமாக என்னைக் குழப்புகிறது.

அவர்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். கல்யாண சிடி வந்திருக்கிறது என்றால் சொந்தக்காரர்கள் வராமல் இருப்பார்களா? வெளிச்சம் டிவியில் விழுகிறது என்று ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். புழுக்கம், மல்லிகைப்பூ வாசனை, மதியக் குழம்பு வாசனை. பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மாமனார் மட்டும் டிவிக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் இருந்தார். அவருக்கு முன்னொரு காலத்தில் லாரி மோதி ஒரு கால் குட்டையாகிவிட்டது. தரையில் உட்கார முடியாது. நடந்தால் தோள் ஒரு பக்கம் ஏறி இறங்கும். கடலூர் மாமாவுக்கு அன்றைக்கு ஷிப்ட், அவர் இல்லை.

முதல் இரண்டு சிடியும் திருவிழாதான். இது யாரு, அது யாரு, இவ எதுக்கு இந்தப் புடவையக் கட்டுனா என்று ஆளாளுக்குக் கமென்ட் அடித்தார்கள். அக்கா மாமியாருக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில் புகுந்து அவளை ஒட்டிக்கொண்டேன். என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. மூன்றாவது சிடியில் மறுவீடு முடிந்து 'நன்றி, வணக்கம்' வந்தது. எழுந்திருக்கப் போனவர்கள் அப்படியே நின்றார்கள். திரை கறுப்பு வெள்ளையாகிவிட்டது. இறகுத் தொப்பி சீமாட்டி வாத்தோடு வந்தாள்.

"சவுண்ட் போச்சு" என்று யாரோ ஒரு பையன் எழுந்து டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினான். இன்னொருவர் ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கூட்டினார். பச்சைக் கோடுகள் திரையின் அடியில் ஓடி ஓடி நிறைந்தன. சத்தம் வரவில்லை.

"ஊமப் படங்க. சவுண்டே கெடையாது. சும்மா காமெடி" என்றார் மாமா எழுந்து நின்று, பெருமையாக.

"கல்யாண சிடில எதுக்கு ஊமப் படம்? நல்லதுக்கா இது?" என்றார் அக்காவின் மாமியார். மாமா உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. வாத்து முடிவெட்டும் கடைக்குள் ஓடியதும் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் முன்னால் எங்கள் படம்! அக்கா குரல் கொடுத்தால் கூடமே உருளும். அவள் காதில், "அக்கா, பேசுக்கா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "பேசுக்கா, நான் வாத்து பேசுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. நானும் அவள் சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாமா சொன்ன மூஞ்சி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அவள் மடியில் இருந்த என் கையில் சொட்டென்று ஒன்று விழுந்தது. சூடாக இருந்தது. இன்னொன்று. நிமிர்ந்து பார்த்தேன். டிவி வெளிச்சத்தில் அவள் கன்னம் பளபளத்தது.

அதே நேரம் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். டிவிக்கு முன்னால் குறுக்கே, ஏறி இறங்கி ஏறி இறங்கி, சமையல் கட்டுப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் திரையில் ஒற்றை ஷூக்காரன் ஏறி இறங்கி ஏறி இறங்கி நடந்தான். பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். யாரோ ஒரு அம்மா ஒரு பிள்ளையின் முதுகில் சாத்தினாள். மாமியார் திரும்பி அக்காவைப் பார்த்தார். குலுங்குகிற தோள், வாயில் முந்தானை. அவர் பார்த்தது அவ்வளவுதான்.

டிவியை யாரோ நிறுத்தினார்கள். போர்வைகளை இழுத்ததும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாமனார் ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தார். அக்கா அங்கே இல்லை, முகம் கழுவப் போய்விட்டாள். அவர் சொம்போடு கொஞ்ச நேரம் நின்றார். நான் நின்றுகொண்டிருந்தேன், என்னிடம் நீட்டினார். எனக்குத் தாகமே இல்லை. ஆனாலும் கொடுத்தாரே என்று முழுவதையும் குடித்தேன்.

அக்காவைச் சிதம்பரம் அழைத்து வந்தோம். பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தார். அம்மா அக்காவைப் பார்க்கவேயில்லை. எனக்கு மட்டும் கொண்டாட்டம். ஒரு மாதம் அக்கா எங்களோடு!

அந்த ஆடி மாதம் எனக்கு விளங்காத மாதம். அக்காவின் பையைப் பிரித்து எனக்குப் பாவாடை ஏதாவது வாங்கி வந்திருக்கிறாளா என்று தேடினேன். அடியில் லேப் கோட் இருந்தது. நாங்கள் பெட்டியில் வைத்த அதே மடிப்பு, அதே நீலம். ஒரு கறைகூட இல்லை. காலேஜ் திறந்து பல நாளாகியிருந்தது. அதைக் கொண்டு போய் அம்மாவிடம் காட்டி, "அக்கா இன்னும் போடவே இல்லம்மா" என்றேன். அம்மா அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். காலையில் அக்கா துணி காயப்போட மாடிக்குப் போவாள். காலேஜ் பெண்கள் பை மாட்டிக்கொண்டு தெருவில் போகிற நேரம் அது. ஒரு வாளித் துணியைக் காயப்போட அவ்வளவு நேரம் ஆகுமா?

ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போகலாம், வாத்துப் படம் பார்க்கலாம் என்று கூப்பிட்டேன். "அது ஊமப் படம்டி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆடி முடிந்தது. ஆவணி பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். வரவில்லை. முதல் முகூர்த்தம் போனது, அடுத்ததும் போனது. எதிர் வீட்டுக்காரம்மா, "பொண்ணு இன்னும் இங்கதான் இருக்கா?" என்று தினம் கேட்டாள். அம்மா தினம் ஒரு பதில் சொன்னாள். கடைசியில் பெரியப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். ஃபேனுக்கு அடியில் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"மாமனார் நொண்டுறதப் பாத்து ஒங்க பொண்ணு வாயப் பொத்திக்கினு சிரிச்சாளாம். சபைல வெச்சி. மாமியாக்காரி தாம்தூம்னு குதிக்குது. அப்படிப்பட்ட பொண்ணு வேணாம்ன்ற வரைக்கும் பேச்சு போயிருக்குது."

ஸ்டூடியோ மாமா தலையில் கையை வைத்துக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். எல்லாரும் பேசாமல் இருக்கிறார்களே, ஒருவேளை யாருக்குமே தெரியாதோ என்று நினைத்து நான் எழுந்தேன்.

"அக்கா சிரிக்கல பெரியப்பா. அழுதுச்சு. என் கையில தண்ணி சொட்டிச்சு."

ஒரு நல்ல சேதி சொன்ன சந்தோஷம் எனக்கு. சிரித்தது தப்பு என்றால், சிரிக்கவில்லை என்பது நல்ல சேதிதானே? அம்மா என் தொடையில் கிள்ளினாள். சதை தனியாக வந்துவிடும் போல் இருந்தது.

"வாய மூடு."

"இல்லம்மா, நெசமாத்தான்..."

"வாய மூடுன்றேன்ல!"

பெரியப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "சிரிச்சான்னா மன்னிப்பு கேட்டுடலாம். சின்னப் பொண்ணு, தெரியாம சிரிச்சிட்டான்னு கால்ல உழுந்துடலாம். அழுதான்னா ஏன் அழுதான்னு கேப்பாங்க. நம்மகிட்ட பதில் இருக்குதா?"

அப்படியாக என் அக்கா சிரித்தாள் என்று அன்றைக்கு முடிவானது.

ஸ்டூடியோ மாமா புது சிடி தயார் செய்தார். வாத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் கீழக் கோபுரத்தை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பத்து நிமிஷம் காட்டினார். பழைய மூன்றாவது சிடியை அவர்களிடமிருந்து வாங்கி வந்துவிட வேண்டும் என்று பேச்சு. பழத்தட்டு, வெற்றிலைபாக்கு, புது வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு கடலூருக்குப் போனோம். கொலைக் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு பழம் எடுத்துப்போக மாட்டார்கள். என்னை விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தார்கள், வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரு வார்த்தை பேசினால் நாக்கை அறுத்துவிடுவேன் என்று அம்மா பஸ்ஸில் சொல்லி வைத்தாள்.

மாமனார் அதே நாற்காலியில் இருந்தார். எங்கள் கூட்டத்தையும் தட்டையும் பார்த்து, "என்னாத்துக்கு இவ்ளோ பேரு? வேல இருக்கற மனுசங்க, அவன் ஒருத்தன் வந்து கூட்டியாந்திருப்பானே" என்றார். அவன் என்றது கடலூர் மாமாவை. அவர் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சின்னப் பொண்ணு. அன்னிக்கு ஏதோ தெரியாத்தனமா சிரிச்சிடுச்சி. நீங்க பெரிய மனசு பண்ணி..."

"எந்தச் சிரிப்பு?"

"அதான், சிடி பாக்கறப்போ, ஒங்களப் பாத்து" என்றார் மாமியார்.

மாமனார் மனைவியைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "அது அழுதுச்சுல்ல?" என்றார்.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். அம்மாவின் கை என் தோளை அழுத்தி உட்கார வைத்தது.

"நான்தான் எதுக்க குந்தியிருந்தனே. மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. கண்ணுல தாரதாரையா தண்ணி. அழுது தொண்ட அடைச்சிக்கப் போவுதுன்னுதான் தண்ணி கொண்டார எந்திரிச்சேன்."

எனக்கு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. அக்காவின் தண்ணீரை நான் குடித்திருக்கிறேன்!

"இல்ல சம்மந்தி, சிரிச்சாதான். வெளையாட்டுப் புத்தி" என்றாள் அம்மா அவசரமாக. "ஆமாங்க, சிரிச்சிடுச்சு" என்றார் பெரியப்பா. "அந்தப் படம் அப்படிங்க, தப்பு எம்மேல" என்றார் ஸ்டூடியோ மாமா. எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அக்கா சிரித்தாள் என்று சத்தியம் செய்கிறார்கள். யாரைப் பார்த்துச் சிரித்ததாகச் சொன்னார்களோ அவர் இல்லை என்கிறார். பத்து வயதுப் பிள்ளை இதில் எந்தப் பக்கம் சேர்வது, சொல்லுங்கள்.

மாமனார் அக்காவையே நேராகக் கேட்டார். "நீ சொல்லும்மா. எதுக்கு அழுத? படிப்பு நெனப்பா? படிக்கணும்னு இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமே. ஒங்க அம்மாவும் பெரியப்பாவும்தான, காலேஜு போதும், இனிமே அவ போவ மாட்டான்னு நிச்சயத்தன்னிக்கே எங்ககிட்ட சொன்னாங்க?"

அக்கா சமையல் கட்டு வாசலில் நின்றிருந்தாள். மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பழத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைச்சீப்பில் ஒரு பழம் நசுங்கியிருந்தது, அதையே பார்த்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அக்கா இப்போது பேசப் போகிறாள், எனக்கு ஜெயிப்பு என்று மட்டும் தோன்றியது.

"சிரிச்சேன் மாமா" என்றாள் அக்கா. "வாத்தப் பாத்து சிரிச்சேன். ஒங்களப் பாத்து இல்ல. தப்பா நெனச்சிக்காதீங்க."

மாமனார், "அப்ப சரி" என்றார்.

அக்கா அங்கேயே இருந்துவிட்டாள். நாங்கள் திரும்பினோம். ஸ்டூடியோ மாமா பழைய சிடியை ஆலப்பாக்கம் அருகே பஸ் ஜன்னல் வழியாக வீசினார். வெயிலில் ஒரு முறை மின்னிவிட்டு முள்ளுக்குள் போனது. நடைபாதையில் வாங்கிய மூல சிடியையும் பிறகு காணோம். அதற்கப்புறம் அவர் எந்தக் கல்யாணத்துக்கும் மிச்ச இடத்தை நிரப்பவில்லை. காலியாகவே கொடுத்தார்.

அந்தப் படத்தை நான் இப்போதும் போனில் தேடுகிறேன். வாத்து, ஒற்றை ஷூ, ஊமைப் படம் என்று எப்படிப் போட்டாலும் வேறு வேறு ஆட்கள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள். அவன் வரவில்லை.

அன்றைக்கு நடந்தது எனக்கு விளங்கவே சில வருஷங்கள் ஆயின. அக்காவிடம் ஒரு பேச்சு, அவர்களிடம் ஒரு பேச்சு. அம்மாவின் இந்தக் கெட்டிக்காரத்தனம் விளங்கிய நாளிலிருந்து எனக்கு அவள் மேல் தீராத கோபம். அப்பா லீவு, நல்ல இடம், கை நழுவிவிடும் என்ற பயம் என்று இன்றைக்கு நான் அம்மாவுக்காக வக்காலத்து வாங்குவேன். ஆனாலும் கோபம் முழுக்கப் போகவில்லை. அக்கா ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய குழப்பம். எத்தனையோ முறை கடலூருக்குப் போனேன், அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். நான் கேட்கத் தொடங்கினாலே, "சோறு ஆறுது, சாப்புடு" என்பாள்.

நான் ப்ளஸ் டூ முடித்தேன். காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டிருந்த வாரம் பெரியப்பா மறுபடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே ஃபேன், அதே கழற்றிய பட்டன். திட்டக்குடியில் ஒரு இடம், சொந்தத்தில் நிலம், பையன் தங்கம் என்றார்.

"படிப்பு?" என்றேன்.

"அவுங்க ஒத்துக்குவாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் படிக்கட்டும்" என்றார். அம்மா காபி ஆற்றினாள்.

நான் மாடிக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள், இடுப்பில் சின்னப் பிள்ளையோடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதே டயலாக்கா பெரியப்பா?" என்றாள்.

பெரியப்பா பேப்பரை மடித்தார். அக்கா அம்மாவின் முன்னால் போய் நின்றாள். அவள் கத்தவில்லை.

"அம்மா. ஒன்ன சபைல தலகுனிய வெக்கக் கூடாதுன்னு ஒருதடவ நான் சிரிச்சேன்னு சொன்னேன். சொல்லிட்டு எத்தன வருசம் சிரிச்சிக்கினே இருந்தேன்னு ஒனக்குத் தெரியாது. இவளுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். இவ அழுதான்னா அழுதான்னுதான் சொல்லுவேன். எவன் வூட்டு சபையா இருந்தாலும் சொல்லுவேன்."

சின்னது அவள் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் இல்லை. பெரியப்பா எழுந்தார். "பாரு, சிரிக்குது. பெத்தவளுக்கே சிரிப்பா இருக்குது ஒன் பேச்சு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவின் பக்கத்தில் போய், தாடைக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினேன். சூடாகச் சொட்டியது.

"சிரிக்கல பெரியப்பா. அழுவுது" என்றேன்.

இந்தத் தடவை யாரும் என்னை வாயை மூடச் சொல்லவில்லை.